ஆமினா பீவியின் மேசை

சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டை விற்றுவிட்டு வட தாய்லாந்தில் ஏரிக்கரையோரம் குடியேறலாம் என்று என் கணவர் அசோக் சொன்னபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மூளையும் ஓய்வு பெற்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். வயதான வெளிநாட்டுக்காரர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பாம். "சும்மா போய்ப் பார்த்துட்டு வரலாம்லா" என்றார். குறை கண்டுபிடிப்பதற்கென்றே கிளம்பினேன்.

உள்ளே இருந்த பயம் வேறு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவரில் ஒருவர் முந்திக்கொண்டால், அந்த அந்நிய ஊரில் மற்றவர் என்ன செய்வது? இதை அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் அங்கே முருங்கைக்காய் கிடைக்குமா என்று சண்டை போட்டேன்.

பாயாவ் ஏரியைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். அக்கரை மலையின் காலடிவரை தண்ணீர். நான் அதுவரை பார்த்த தண்ணீரெல்லாம் கப்பல் நிற்கும் தண்ணீர். இங்கே ஒரேயொரு சிறு படகு போனது, அதன் சத்தம்கூடக் கரைக்கு வரவில்லை. இப்படியும் ஓர் அமைதி உலகத்தில் இருக்கிறதா என்று கண் கலங்கிவிட்டது. அசோக் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மதியம் குடியிருப்பின் உணவுக்கூடத்துக்குப் போனோம். நல்ல கூட்டம். ஏரியைப் பார்த்த ஜன்னலோர மேசை மட்டும் காலியாக இருந்தது. ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். ஊர்ப் பழக்கம் விடுமா? கைப்பையிலிருந்த டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் போட்டு இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால், முக்காடு போட்ட ஒரு பெண்மணி நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும்.

"சிங்கப்பூரா?" என்றார், தமிழில்.

"ஆமாக்கா! எப்படித் தெரியும்?"

"டிஷ்யூ வெச்சு இடத்த 'சோப்' பண்ண வேற யாரு இருக்கா? நான் ஆமினா பீவி. நானும் நம்ம ஊருதான், புக்கிட் மேராக்காரி."

அதற்குள் ஒரு ஜெர்மன்காரர் பதறி ஓடிவந்தார். இது ஆமினாவும் அவர் கணவரும் தினமும் சாப்பிட்ட மேசை, கணவர் இறந்த பிறகும் வேறு யாரும் இதில் உட்காருவதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்க மேசையாச்சே அக்கா, உட்கார வேண்டியதுதானே?"

"டிஷ்யூ இருக்கே தங்கச்சி. அப்புறம் எப்படிலா உட்கார்றது?"

மூவருமாக உட்கார்ந்தோம். ஆமினா அக்காவுக்குக் கை நடுங்கும். ஒரு ஜப்பானிய அம்மா அவருக்குத் தட்டு கொண்டுவந்து வைத்து, மீனில் முள்ளை எடுத்துவிட்டு, தன் மேசைக்குப் போனார். நான் மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊருக்குத் திரும்பலாம்னு தோணலையா அக்கா?"

"அவரு மௌத்தானதும் போனேன், மகன் வீட்டுக்கு. நல்லாத்தான் பார்த்துக்கிட்டான். ஆனா பகலெல்லாம் ஆளில்லாத வீடு. இங்க நான் சாப்பிட வரலைன்னா கதவ ஒடச்சிருவாங்க." பிறகு அசோக்கைப் பார்த்தார். "நீங்க உட்கார்ந்திருக்கிறதுதான் அவரு நாற்காலி, தம்பி."

அசோக் துள்ளி எழுந்தார்.

"உட்காருங்க. ரொம்ப நாளா யாரும் உட்காரல."

உட்கார்ந்தார். ஆனால் ஒரு வாய்கூட அவருக்கு இறங்கவில்லை.

வெளியே வந்ததும் தண்ணீர் ஓரம் நின்றுவிட்டார். "வேணாம் ரஞ்சிதம். நம்ம வீட்டுக்கே போயிடலாம். உன்னை இப்படி ஒரு நாற்காலிய பார்த்துக்கிட்டு உட்கார விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

இத்தனை நாளும் அவருக்கும் அதே பயம்தான். நான்தான் முருங்கைக்காய்க்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

"குவீன்ஸ்டவுன்ல மட்டும் உங்க நாற்காலி காலியா இருக்காதா?" என்றேன். "அங்க நான் சாப்பிட்டேனான்னு யாருங்க பார்ப்பா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போய் நமக்கு எந்த வீடு தர்றாங்கன்னு கேளுங்க."