கெணத்துக்கார அக்காவுக்குப் பதக்கம்

குடியரசு தின விழாவில் சௌந்திரத்துக்குப் பதக்கம் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் ஊராட்சிச் செயலாளர் ஆனந்தகுமார். புதுச்சத்திரத்துக்கு மேற்கே, விவசாயக் காட்டுக்குள் இருந்த அவள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"சமூக சேவை விருதுங்க அக்கா. நான்தான் உங்க பேரை எழுதி அனுப்புனேன். கலெக்டர் கையால வாங்கப் போறீங்க."

மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த சௌந்திரத்தின் கை அப்படியே நின்றது.

"எனக்கு வேண்டாமுங்க தம்பி. பேரை எடுத்துருங்க."

ஆனந்தகுமார் சிரித்தார். "பாத்தீங்களா மாமா, அக்காவோட அடக்கத்த!" என்றார் அவள் புருஷன் சின்னுசாமியிடம். சின்னுசாமி சிரிக்கவில்லை. அது அடக்கமில்லை, பயம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பக்கத்தில் கிணற்றில் யார் விழுந்தாலும் முதலில் போன் வருவது சௌந்திரத்துக்குத்தான். சிறுமியாக இருந்தபோதே பெரிய பெரிய கிணறுகளில் குதித்து விளையாடியவள். பல வருஷமாக உயிரோடும் தூக்கியிருக்கிறாள், பிணமாகவும் தூக்கியிருக்கிறாள். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. கெணத்துக்கார அக்கா என்றால் நாமகிரிப்பேட்டை வரைக்கும் தெரியும்.

போன ஐப்பசியில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்யும் மணிமாறன் என்ற பையன் கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்தான். சௌந்திரம் குதித்து அவனை நெருங்கியதும், அவன் இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அப்படியே இருவரும் கீழே போனார்கள். பச்சையாக இருந்த தண்ணீர் கறுப்பானது. அவள் காலில் சேறு தட்டியது. எப்படி உதைத்து மேலே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மணிமாறன் பிழைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவள் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. சொந்தக் கிணற்றுப் பக்கமே போவதில்லை. மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் சின்னுசாமிதான். போன் அடித்தால் எடுக்காமல் அவரிடம் நீட்டிவிடுவாள். நல்லவேளையாக அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

"பதக்கம் வாங்கிட்டா பேப்பர்ல போட்டோ வரும். பத்தூருக்காரங்க கூப்புடுவாங்க. நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள் சௌந்திரம், ஆனந்தகுமார் போன பிறகு.

"இப்பவே சொல்லீரலாம் புள்ள, முடியாதுன்னு."

"அப்புறம் யாரு போவாங்க?"

சின்னுசாமிக்கு நீச்சல் தெரியாது. பேரும் பட்டியலிலேயே இருந்துவிட்டது.

விழாவன்று நாமக்கல் மைதானத்தில், எந்தச் சம்பவத்துக்காக இந்த விருது என்பதை மைக்கில் வாசித்தார்கள். மணிமாறனைக் காப்பாற்றிய கதைதான். "தன் உயிரைத் துச்சமென மதித்து" என்று அறிவிப்பாளர் சொன்னபோது சௌந்திரம் வெளியே போகும் வழியைப் பார்த்தாள். கலெக்டர் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டக் கையைத் தூக்கினார். அவள் சட்டென்று பின்னால் விலகினாள். பிறகு கையிலேயே வாங்கிக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது புதுச்சத்திரத்துக்கு முன்னால் டீக்கடையில் பைக்கை நிறுத்தினார்கள். டீ வருவதற்குள் ரோட்டுக்கு அந்தப்புறத் தோட்டத்திலிருந்து ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"எம்புள்ள கெணத்துல உளுந்துருச்சு! யாராச்சும் வாங்க சாமி!"

டீக்கடைக்காரர் சௌந்திரத்தைப் பார்த்துவிட்டார். "அக்காவே இங்க இருக்காங்க. உண்ணாமலை, அழுவாத. வாங்கக்கா!"

சின்னுசாமி அவள் கையைப் பிடித்தார். "போவேண்டாம் புள்ள." அவள் கையை விடுவித்துக்கொண்டு ஓடினாள்.

கிணறு ஆழமானது. பாதிக்குக் கீழே தண்ணீர். நடுவில் ஒரு சிறுமி மோட்டார் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சத்தம்கூட வராமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. சௌந்திரத்தைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள்.

அவள் கல்படியில் நான்கைந்து படி இறங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள். பச்சை. அதற்கு மேல் கால் நகரவில்லை. சுவரைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. மேலிருந்து "குதிங்கக்கா" என்று கத்தினார்கள்.

"எனக்குப் பயமா இருக்குது!"

அவள் குரல் கிணற்றுக்குள் மோதித் திரும்பி வந்தது.

"கெணறுன்னாலே எனக்குப் பயம். கயிறு இருந்தா போடுங்க. என்னையக் கட்டிப் புடிச்சுக்கோங்க. கையத் தூக்குனா இழுக்கோணும். விட்றாதீங்க!"

முட்டை வண்டி டிரைவர் ஒருவர் லோடு கட்டும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். சின்னுசாமி படியிறங்கி அவள் இடுப்பில் அதைக் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மேலே ஆண்களும் பெண்களுமாகக் கயிற்றைப் பிடித்தார்கள்.

தண்ணீருக்குள் இறங்கியதும் அவளுக்கு மூச்சு அடைத்தது. நீந்திப் பைப்பை எட்டினாள். சிறுமி பைப்பை விட்டுவிட்டு அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். அதே பிடி. இருவரும் முங்கினார்கள். தண்ணீருக்குள்ளேயே சௌந்திரம் அலறினாள். வாய் நிறையத் தண்ணீர் போனது. கையைத் தூக்கினாளா என்பதுகூட நினைவில்லை. இடுப்பில் கயிறு சுண்டி இழுத்தது. வெளிச்சம் வந்தது. கல் முட்டியில் உரசியது.

சிறுமி தண்ணீர் கக்கி அழுதாள். உண்ணாமலை பிள்ளையை அள்ளிக்கொண்டு, சௌந்திரத்தையும் கட்டிப்பிடிக்க வந்தாள்.

"தொடாதீங்க. கொஞ்ச நேரம் என்னையத் தொடாதீங்க," என்று சௌந்திரம் சுவரோரம் ஒடுங்கினாள். உச்சி வெயில் அடித்தது, ஆனாலும் பல் தந்தியடித்தது. யாரும் கைதட்டவில்லை. டிரைவர் மட்டும் தன் துண்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

பயம் போகவில்லை. இன்னும் அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் தலைக்கு ஊற்றுகிறாள். மாசி மாதம் ஒரு மத்தியானம் மறுபடி போன் வந்தது. உடம்பெல்லாம் வேர்க்க எடுத்துப் பேசினாள்.

"வாரேனுங்க. கயித்தோட நாலு பேரு நில்லுங்க. நான் ரொம்பப் பயந்தவ."