எருக்கின் கழுத்துக் கயிறு

ஆறுச்சாமிக்கு வாய்த்த இரண்டு பெண்டாட்டிகளும் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாவதாக வருகிறவளும் தங்கமாட்டாள் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அதனால் மூன்றாம் தாரமாக, அவன் வேலை பார்த்த வீரபாண்டிச் சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடைக்கரையில் நின்ற எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டவைத்தார்கள். கட்டியதும் செடியை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். வரவேண்டிய சாவு அதோடு போய்விடும். வெட்டினான். அதற்கப்புறம்தான் பூவாத்தாள் வந்தாள்.

அவள் நிறைமாதமாக இருந்தபோது, பட்டறையில் சாயத் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கூட வேலை செய்த சின்னான் சிரித்தான்.

"ஏனுங் மாமா, எருக்கலக்கா மறுபடி தழைச்சு நிக்கறாங்களாட்ட இருக்குது! ஊட்டுக்கு எப்பங்க கூட்டிட்டுப் போறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆறுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனான். சாயத்தண்ணீர் பாய்ந்து புல்கூடக் கருகிப்போன கரையில் அது மட்டும் இடுப்பளவு பூத்து நின்றது. அடிக்கட்டையில் மஞ்சள் கயிறு. தாலி கட்டிய அன்றைக்கு ஆட்கள் பார்த்த கூச்சத்தில் குனிந்து அடித்தண்டில் கட்டியிருந்தான். அவசரத்தில் வெட்டியதோ கயிற்றுக்கு மேலே.

சாயங்காலம் கடப்பாரையோடு போனான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பூவாத்தாளும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"வேரோட புடுங்கோணும். இது நின்னா உனக்கு ஆவாது."

அவள் கயிற்றையே பார்த்தாள். "அவ கழுத்துல தாலி கெடக்குதுங்க. புடுங்குனா அறுந்துபோயிரும். தாலி அறுந்தா, போறது யாருங்க?"

அவன் இதை நினைக்கவில்லை. செடி நின்றால் இவள். கயிறு அறுந்தால் அவன். காற்றே இல்லை, இலைகள் மட்டும் அசைந்தமாதிரி இருந்தது.

"ஊட்டுக்குப் போ கண்ணு. ஒல வையி, வந்தர்றேன்."

அவள் நகரவில்லை. அவன் கடப்பாரையை வேருக்கடியில் விட்டு முழு பாரத்தோடு சாய்ந்தான். கயிறு சத்தமில்லாமல் அறுந்தது. பால் அவன் மணிக்கட்டில் வழிந்தது.

பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆறுச்சாமியும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். பங்குனிக் காற்றில் எங்கிருந்தோ எருக்கம்பஞ்சு பறந்துவந்து ஈரத் துணியில் ஒட்டும்; மற்றவர்கள் திட்டிக்கொண்டே பொறுக்கி எறிவார்கள். அவன் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தால் மட்டும் அவன் அசையமாட்டான்.

"இன்னிக்கா?" என்று மெல்லக் கேட்பான். அது எழும்பிப் போகிறவரைக்கும் மூச்சு விடமாட்டான்.