ஏழு சட்டைகளும் ஒரு கடலையும்

போன வருட நத்தார் ஒளிவிழாவில் கபிரியேல் சம்மனசின் இடது சிறகு கழன்று, நேரே போய்ப் பாலன் யேசுவின் தொட்டிலில் விழுந்தது. தொட்டிலில் கிடந்தது பொம்மைதான். ஆனால் மாதாவாக நடித்த பிள்ளை பயந்துபோய், பொம்மையை ஒற்றைக் காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டே ஓடிவிட்டது. டென்மார்க்கின் வைலே நகரத் தமிழ்க் கத்தோலிக்கர்களின் வட்சப் குழுவில் அந்த வீடியோ உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஓடியது. தவக்காலத்தில் இறைச்சியை விட்டவர்கள்கூட அதைப் பார்ப்பதை விடவில்லை.

மேரிசெலினுக்கு அது சிரிப்பான விஷயமில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சம்மனசுகளுக்கு உடுப்புத் தைத்து, உடுத்தி, மேடை ஏற்றுகிறவள் அவள்தான். கிழமை நாட்களில் இறைச்சித் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறாள். அங்கே அவளிடம் யாரும் எந்த அபிப்பிராயமும் கேட்பதில்லை. மார்கழி மாதத்தில் மட்டும் முப்பது குடும்பம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் மற்றப் பதினொரு மாதத்தையும் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருட ஒளிவிழாக் கூட்டத்தில் சுஜாந்தினி எழும்பினாள். வங்கியில் வேலை, எதையும் அட்டவணை போட்டுத்தான் பேசுவாள்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. இந்த முறையும் செட்டை விழுந்தால், அடுத்த வருஷத்திலையிருந்து நான் ஒன்லைனிலை ரெடிமேட்டா எடுக்கிறன். உங்களுக்கும் வயது போகுது, ஏன் வீண் கஷ்டம்?"

"விழாது," என்றாள் மேரிசெலின்.

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"விழாது எண்டால் விழாது."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி விழாது என்று அவளுக்கே தெரியாது. ஊசி குத்திப் பார்த்தாள், நாடா கட்டிப் பார்த்தாள், ஒட்டும் நாடாவும் ஒட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் ஒரு முறை குதித்தால் எல்லாம் கையோடு வந்தது. கடைசியில் தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரிடம், தொலையாத ஒன்றைத் தேடித் தரும்படி நேர்த்தி வைத்தாள்.

அந்தோனியார் தாமதிக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், பீர்த்த என்ற டேனிஷ் பெண்மணி, எண்பது வயதைத் தாண்டியவர், ஒரு மட்டைப் பெட்டியை அவள் கையில் வைத்தார். வீட்டை விற்றுவிட்டுச் சின்னக் குடியிருப்புக்குப் போகிறாராம், பரணில் கிடந்ததாம். "பிள்ளைகளின் உடுப்பு. மிகவும் பழையது. தையல் வேலைக்கு உங்களுக்கு உதவும்," என்று சொல்லிவிட்டு, காத்து நின்ற காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தால், தடித்த வெள்ளைப் பருத்தியில் கையில்லாத குட்டிச் சட்டைகள். எண்ணி ஏழு. சம்மனசுகளும் ஏழு. சட்டைக்குப் பொத்தான் முன்னால் இல்லை, முதுகில் இருந்தது. அடி விளிம்பில் முன்னுக்கு இரண்டும் பின்னுக்கு இரண்டுமாக இழுபடும் பட்டிகள் தொங்கின. பட்டி நீளத்துக்கும் வரிசையாகப் பொத்தான் துளைகள்.

கணவன் சூசைதாசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.

"உது நாய்க்குப் போடுறது."

"ஏழு நாயோ?"

"டேனிஷ்காரர் வளர்ப்பினம்."

கோப்பன்ஹேகனில் இருக்கும் மகள் நிறோஷினிக்குப் படம் எடுத்து அனுப்பினாள். இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளை, அவளுக்குத் தெரியாமலா போகும்? 'தெரியாது அம்மா, கடலில் போடும் மிதவைச் சட்டையா?' என்று டேனிஷில் ஒரு வரி வந்தது. படித்த படிப்பு அவ்வளவுதான்.

மேரிசெலின் தானே யோசித்தாள். டேனிஷ்காரர் காரணமில்லாமல் ஒரு பொத்தானும் தைக்கமாட்டார்கள். பொத்தான் முதுகில் இருப்பதால் பிள்ளை தானாகக் கழற்ற ஏலாது. பட்டியில் துளை இருப்பது எதையோ மாட்டித் தாங்குவதற்குத்தான். பிள்ளையின் உடம்பில் மாட்டித் தாங்க என்ன இருக்கிறது? சிறகு! இந்த நாட்டுப் பிள்ளைகளும் ஒரு காலத்தில் சம்மனசாக நடித்திருப்பார்கள்தானே. அவள் அன்றைக்கே அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

நீலம் போட்டுத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடிப்புக் குலையாமல் அழுத்தினாள். சிறகுகளில் பொத்தான் தைத்து, பின்பட்டி இரண்டையும் மேலே இழுத்து மாட்டினாள். சூசைதாசன் தொங்கிப் பார்க்காத குறையாக இழுத்துப் பார்த்தும் சிறகு அசையவில்லை. இவ்வளவு நல்ல சாமானை உள்ளே போட்டு ஒளிப்பானேன்? சாட்டின் அங்கிக்கு மேலேயே போட முடிவெடுத்தாள். முன்னால் சும்மா தொங்கிய பட்டிகளில் ஆளுக்கு இரண்டு தங்க நட்சத்திரமும் கட்டிவிட்டாள்.

விழா நாள் மண்டபம் நிறைந்திருந்தது. கோவிலின் டேனிஷ் வயோதிபர்களை முன்வரிசையில் இருத்துவது வழக்கம். பீர்த்தவும் இருந்தார். பக்கத்தில் பிரெபென், எண்பத்தாறு வயது, பனை உயரம். இருபது வருடமாக அவர் சிரித்ததை ஒரு தமிழனும் கண்டதில்லை.

திரை விலகப் போகும் நேரம் கபிரியேலாக நின்ற எட்டு வயது மிதுஷா ஒரு குதி குதித்தாள். அவள் சிறகின் பொத்தான் ஒன்று பறந்துபோய் எங்கோ விழுந்தது. ஊசி நூல் தேட நேரமில்லை. மேரிசெலின் பக்கத்துக் குசினிக்குள் ஓடினாள். ஊறப்போட்டது போக மிஞ்சிய காய்ந்த கொண்டைக்கடலை பைக்குள் இருந்தது. ஒரு கடலையை எடுத்துச் சிறகுத் துணிக்கு உள்ளே வைத்து, துணியோடு சேர்த்துப் பிடித்து, பட்டித் துளையை அதன்மேல் மாட்டினாள். பொத்தான் போட்டதுபோல் நின்றது.

"போ பிள்ளை, குதியாதை."

ஏழு சம்மனசுகளும் மேடைக்கு வந்தன. தமிழர்கள் கைதட்டினார்கள். முன்வரிசை மட்டும் அசையவில்லை. பிறகு பிரெபெனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுசனுக்கு மாரடைப்பு என்றுதான் மேரிசெலின் நினைத்தாள். பார்த்தால், சிரிப்பு. அது பீர்த்தவுக்குத் தொற்றி, வரிசை முழுக்க ஓடி, ஊன்றுகோல்கள் தரையில் விழுந்தன. ஒருவர் மூக்குச் சிந்தினார், ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாட்டு முடிந்ததும் பீர்த்த திரைக்குப் பின்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதற்குப் பெயர் லிவ்ஸ்டுக்க," என்றார். "நாங்கள் உள்ளே போட்டது. அடிச்சட்டை. அந்தப் பட்டி நீண்ட காலுறையைத் தூக்கிப் பிடிக்க. பையன்களும் போடவேண்டும். நாங்கள் ஏழு பேர், அம்மா ஒன்றையும் எறியவில்லை. காலுறை முடியும் இடத்துக்கும் உள்ளாடை தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சாண் தொடை வெறுமையாக இருக்கும். குளிர் அங்கேதான் கடிக்கும்! பிறகு இடுப்புவரை ஒரே துண்டாகக் காலுறை வந்தது. எல்லோரும் இதை மறந்துவிட்டார்கள். நீங்கள் வெட்டித் துணியாகப் பாவிப்பீர்கள் என்று நினைத்தேன்."

மேரிசெலின் கையை உருவிக்கொண்டாள். மன்னாரில் கணுக்காலுக்கு மேல் ஏறாத சொக்ஸ் போட்டு வளர்ந்தவளுக்கு, காலுறையை மேலேயிருந்து கட்டித் தூக்கவேண்டும் என்று கனவிலும் தோன்றியிராது. பரிசுத்த சம்மனசுகளுக்கு உள்ளாடையை வெளியே போட்டு, அதில் நட்சத்திரமும் கட்டி, சுவாமியாருக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள். வெறும் வாயை மெல்லுகிற சுஜாந்தினிக்கு அவல் கிடைத்த மாதிரிதான். இருபத்திரண்டு வருடமும் போச்சு.

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தேநீருக்கு வைத்திருந்த ரோல்ஸ் பலகாரத்தை அடுக்குகிற மாதிரி நின்று அழுதாள்.

கதவு திறந்தது. வந்தது பிரெபென். பின்னால், சிறகோடு மிதுஷா. அவர் குனிந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"எனக்கு ஏழு வயது. கன்னியாஸ்திரிகளின் பள்ளி. நத்தார் நாடகத்தில் நான் சம்மனசு. காலுறைப் பொத்தான் தொலைந்துவிட்டது. அம்மா அதற்குப் பதிலாக உள்ளே ஒரு காய்ந்த பட்டாணியை வைத்து, பட்டியை மாட்டி அனுப்பினார். மேடையில் பட்டாணி வழுக்கியது. காலுறை கணுக்காலுக்கு வந்தது. முழுப் பள்ளியும் சிரித்தது. அதற்குப் பிறகு நான் ஒரு மேடையிலும் ஏறவில்லை. அம்மாவை மன்னிக்கவும் இல்லை. அவர் இறக்கும்வரை மன்னிக்கவில்லை."

மேரிசெலின் மிதுஷாவைத் திருப்பி நிறுத்தினாள். சிறகின் அடியில் துணிக்குள் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்ததைத் தொட்டுக் காட்டினாள். அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"பட்டாணியா?"

"இல்லை. கடலை." பையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். முப்பது வருடத்தில் கற்ற டேனிஷ் எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னாள். "பட்டாணி முழு உருண்டை, வழுக்கும். இதுக்கு மூக்கு இருக்கு, பாருங்கள். மூக்கு துணியைப் பிடிக்கும்."

பிரெபென் கடலையின் மூக்கை நெடுநேரம் பார்த்தார்.

"அந்தக் காலத்தில் இங்கே கடலை இல்லை," என்றார்.

"இல்லாததை அம்மா எப்படி வைப்பார்?"

அவர் கண் கலங்கிவிட்டது. சின்னப் பையன்போல் புறங்கையால் துடைத்தார். மேரிசெலினும் அழுதாள், ஆனால் இந்த முறை தனக்காக இல்லை.

வாசலில் சுஜாந்தினி கைப்பேசியும் கையுமாக நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மேரிசெலின் நிமிர்ந்தாள், வெள்ளம் தலைக்கு மேலே போனபின் சாண் என்ன, முழம் என்ன?

"என்ன பிள்ளை, சொல்லவேண்டியதைச் சொல்லு."

"செட்டை விழேல்லை அன்ரி," என்றாள் சுஜாந்தினி. மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த வருஷமும் நீங்கள்தான். கடலை நான் வாங்கிக்கொண்டு வாறன்."

பிரெபென், இந்த ஒரு கடலையைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மன்னார்க்காரி ஒன்று கேட்டவரை ஒன்றோடு அனுப்புவாளா? இரண்டு கை நிறைய அள்ளி, சமையல் தாளில் பொட்டலம் கட்டி, ஆறு ரோல்ஸும் சேர்த்து வைத்து, அவர் மேலங்கிப் பைக்குள் அவளே திணித்துவிட்டாள்.