இடது பக்கத்துக் காவல்

மாதனுக்கு அந்த ஆட்டத்தில் பந்தைத் தொடுகிற பாக்கியமே கிடையாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷேக் தாவூது நடத்துகிற கேம் கடையில், கம்ப்யூட்டரில் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். பந்தை எறிகிறவன் பிரவீன்குமார். அவனுக்கு இடது பக்கம் நின்று, பாய்ந்து வருகிற எதிராளியை மறித்துத் தள்ளுவதுதான் மாதனின் வேலை. ஜெயித்தால் கைதட்டல் பிரவீனுக்கு. பிரவீன் விழுந்தால் வசவு மாதனுக்கு. நல்ல நியாயம்!

ஆனால் மறிப்பதில் மாதனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதிலும் ‘வுடு’ என்றொரு தந்திரம் வைத்திருந்தார்கள். பிரவீன் “வுடு” என்றதும், சரியான நேரம் பார்த்து மாதன் தோற்றவன் மாதிரி விலக வேண்டும். எதிராளி ஆசை ஆசையாக உள்ளே பாய்வான். பந்து அவன் தலைக்கு மேலே பறந்துவிடும். சீக்கிரம் விலகினால் பிரவீன் காலி, தாமதித்தால் தந்திரம் காலி. மாதனுக்கு அது பிசகியதே இல்லை.

சென்னைப் போட்டிக்குப் போகிறவர்களை அன்றைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஷேக் தாவூது பொறுக்குவதாக இருந்தார். மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து மாதன் பஸ் பிடித்து வந்திருந்தான். சென்னைக்குப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் தொலைத்திருந்தான். அதே இடத்தைக் கேட்டு, பிரவீனின் மச்சான் இளமாறனும் பிரவீன் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

ஆட்டத்தின் கடைசி வாய்ப்பு. “வுடு,” என்றான் பிரவீன். மாதன் விலகினான். எதிராளி பாய்ந்தான். பிரவீன் எறியவே இல்லை. பந்தை அணைத்துக்கொண்டு சும்மா நின்றான், படுபாவி. திரையில் அவனைத் தூக்கி மல்லாக்கப் போட்டார்கள்.

“இன்னாடா, வுட்டுட்ட?” என்று கத்தினார் ஷேக் தாவூது.

“பிரவீன்தான் பாய் வுடுன்னான்.”

“நான் எம் மச்சானச் சொன்னேன் பாய். என் சேரப் புடிச்சி ஆட்டிக்கினே இருந்தான், வுடுறான்னேன். மலையில டவரே கெடையாது, இவனுக்கு இன்னா வெளங்கும்?” என்றான் பிரவீன்.

கடை கொல்லென்று சிரித்தது. இளமாறனின் இரண்டு கையிலும் டீ கிளாஸ் இருந்தது. எல்லோரும்தான் பார்த்தார்கள். ஒரு வாயாவது திறக்க வேண்டுமே! அந்த டீயில் ஒன்றை வாங்கி உறிஞ்சியபடியே ஷேக் தாவூது, “இளமாறனே போவட்டும்,” என்றார்.

பிரவீன் மாதனின் தோளில் கை போட்டான். “கோச்சிக்காத மாதா. அந்த டைமிங்க மட்டும் இவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயேன்.” அடடா, என்ன ஒரு மனசு!

தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும், சென்னையில் அத்தனை பேர் பார்க்க இவர்கள் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாதன், தன் இடத்தில் உட்கார்ந்த இளமாறனுக்குப் பின்னால் நின்றான். மறுபடி ஆட்டம் தொடங்கியது. பிரவீன் “வுடு” என்றான், எதிராளி வந்து முட்டினான். எப்போது விலகுவதென்று தெரியாமல் இளமாறன் திருதிருவென்று விழித்தான்.

“இப்ப!”

கத்தியது மாதன்தான். அவனே எதிர்பார்க்கவில்லை. நேரம் அச்சு அசலாகச் சரி. இளமாறன் விலக, பந்து பறந்து போய்ச் சேர்ந்தது.

“வந்துருச்சி மாமா, வந்துருச்சி!” என்று இளமாறன் குதித்தான்.

பிரவீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தள்ளி நில்லு மாதா, காத்த மறைக்கிற,” என்றான்.