வெர்லின் அடித்த எனாமல் பேசின்

1

இந்தக் கதை ஒரு ஓட்டையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆர்லிஸ் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே, ஒரு வெள்ளை எனாமல் பேசின் தொங்குகிறது. நீல விளிம்பு. நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு துளை. துளையைச் சுற்றிப் பூச்சு பெயர்ந்து காசளவுக்குக் கறுத்திருக்கிறது. நான் அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பேசினுக்குக் கீழே உட்கார்ந்து எத்தனையோ காப்பி குடித்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதலாம் என்று போன அக்டோபர் வரை தோன்றவில்லை.

முதல் வரியை ஏழு தடவை எழுதினேன். மூன்றை மட்டும் காட்டுகிறேன். மற்ற நான்கும் சபைக்கு ஆகாது.

"மொன்டானாவின் பரந்த சமவெளியில் அன்று காற்று பலமாக" (வேண்டாம். காற்று பலமாக அடிக்காத நாள் இங்கே கிடையாது. அடிக்காவிட்டால்தான் சொல்ல வேண்டும்.)

"வெர்லின் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் உருப்படியாகச் சுட்டிருக்கிறார், அது" (வெர்லின் ஆர்லிஸின் கணவர். இது அவருடைய மைத்துனர் ஆரின் வருடா வருடம் சொல்வது. அவர் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது.)

"காதல் என்பது" (இதற்கு மேல் ஒரு சொல்கூட எழுத முடியவில்லை. ஆர்லிஸ் காதில் விழுந்தால் அந்தப் பேசினையே எடுத்து என் தலையில் கவிழ்த்துவிடுவாள்.)

2

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஆர்லிஸின் குடும்பம் முழுவதும் பழைய சரளைக்கல் குழிக்குப் போகும். துப்பாக்கிகளின் குறியைச் சரிபார்க்கப் போகிறோம் என்று பெயர். உண்மையில் போவது ஒருவரை ஒருவர் வாரிவிடத்தான். மடக்கு மேசை ஒன்றில் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் பட்டை மணக்கும் சினமன் ரோலும் இருக்கும். எல்லார் காதிலும் அடைப்பான் இருப்பதால் பேச்செல்லாம் கத்தல்தான்.

அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு குருட்டு அதிர்ஷ்டம் உண்டு. ஆர்லிஸின் அண்ணன் ஆரின் ஒரு சோடா டப்பாவைக் குறிவைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்த குளவியை மட்டும் அடித்தார். டப்பாவில் கீறல் இல்லை. ஆர்லிஸின் மகள் ஜனெல் தும்மிக்கொண்டே சுட்டு ஒரே குண்டில் இரண்டு பூசணிக்காயைத் துளைத்தாள். எனக்கும் ஒன்று உண்டு. என் தாளைக் குறிவைத்து, பக்கத்தில் ஆரினின் தாளைப் பிடித்திருந்த துணிக் கிளிப்பை அடித்தேன். தாள் காற்றில் பறந்து போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். நான் குனிந்து வணக்கம் வைத்தேன். நியாயமாக வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் இவையெல்லாம் சிரிக்க மட்டும்தான். சொல்லிவிட்டுச் சுட்டு அடித்தால்தான் அது செல்லும். இன்னதை அடிக்கிறேன், அடித்தால் இன்னது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், சொன்னவர் பின்வாங்க முடியாது, மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. ஆரின் இப்படிச் சொல்லித் தவறவிட்டு ஒரு வருடம் மீசை இல்லாமல் இருந்தார்.

(ஒரு இடைக்குறிப்பு. இங்கே மருமகன் மாமனாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். தங்கை அண்ணனையும் அப்படியே. தமிழில் எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. பேரை மாற்ற முடியாது, ஆனால் மருமகன் வாயில் 'நீங்க' என்று போட்டிருக்கிறேன். அவன் நல்ல பையன், ஆட்சேபிக்க மாட்டான்.)

3

முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய அக்டோபர். ஆர்லிஸுக்கு இருபத்தேழு வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்ட அப்போதுதான் சேர்ந்திருந்தாள். வெர்லின் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான், ஆரினின் கூட்டாளி. (இந்தப் பகுதியில் மட்டும் வெர்லினும் ஆரினும் 'அவன்'. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள், மரியாதை தானாக வந்துவிடுகிறது.) அந்த வருடத்தில் இரண்டு தடவை தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அவளைக் கேட்டிருந்தான். இரண்டு தடவையும் "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். உண்மையில் யோசித்து முடித்துவிட்டாள். மூன்றாவது தடவை கேட்கட்டும், சரி என்றுவிடலாம் என்று காத்திருந்தாள்.

மூன்றாவது தடவை அவன் அவளிடம் கேட்கவில்லை. குழியில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! அதோ வேலிக் கம்பத்துல தொங்குதே பேசின், அத நான் அடிச்சா ஆர்லிஸ் என்னைக் கட்டிக்கணும். தப்பிடுச்சுன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்!"

"அது இருநூறு கஜம்டா," என்றான் ஆரின். "உன் கையில இருக்கறது அணில் சுடற துப்பாக்கி."

"சொன்னது சொன்னதுதான்."

பக்கத்துப் பாயில் தன் மான் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருந்த ஆர்லிஸ் தலையை நிமிர்த்தினாள். வெர்லினை அவளுக்குத் தெரியும். இருநூறு கஜத்தில் பேசினை என்ன, தானியக் கிடங்கையே தவறவிடுவான். தவறவிட்டபின் சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் தொலைப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு சாகிறவரை அந்தப் பேச்சை எடுக்க மாட்டான்.

அவளுடைய துப்பாக்கியும் அன்று சரியில்லை. வண்டியில் எங்கோ இடித்து, குறிபார்க்கும் குழாயான ஸ்கோப் கோணியிருந்தது. நூறு கஜத்துத் தாளில் அவள் சுட்ட நான்கும் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி விழுந்திருந்தன. அப்படியானால் இருநூறில் இரண்டு சாண். துப்பாக்கியை மெல்ல நகர்த்தி, பேசினுக்கு இரண்டு சாண் இடப்பக்கம், ஒன்றுமில்லாத புல்லைக் குறிவைத்தாள். விசையை இழுப்பதற்கு முன்னால் வெர்லின் எப்போதும் மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவான். உறிஞ்சினான். அவள் இழுத்தாள்.

ஒரே வெடிச்சத்தம். தூரத்தில் 'டங்'. பேசின் குட்டிக்கரணம் போட்டது.

வெர்லினைத் தோளில் தூக்கி ஆடித் தீர்த்த பிறகுதான் ஆரின் தங்கையின் தாளைப் பார்க்கப் போனான்.

"அஞ்சு குண்டு, நாலு ஓட்டை! தாளையே விட்டுட்டியா ஆர்லிஸ்? கல்யாணம்னதும் கை உதறிடுச்சோ?"

"ஆமா, உதறிடுச்சு. போதுமா?" என்றாள்.

அந்தக் குடும்பத்திலேயே குறி தவறாத கை அவளுடையது. அன்றிலிருந்து அவள் தாளைத் தவறவிட்டவள். ஆரின் ஓர் அக்டோபர்கூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை. ஜனெல் கல்யாணத்திலும் சொன்னார்.

4

நீங்கள் இப்போது கேட்கப் போவது எனக்குத் தெரியும். அவள் எழுந்து நின்று, "சரிடா, கட்டிக்கறேன், அதக் கீழ வை" என்று சொல்லியிருக்கலாமே? இந்த இடத்தில் எனக்கும் அவள்மேல் சந்தேகம் வந்து ஒரு வாரம் எழுதாமல் கிடந்தேன். பிறகு அவளிடமே கேட்டேன்.

"வாயத் தொறக்கறதுக்குள்ள அவன் மூச்ச இழுத்துட்டான், டீச்சர். அப்புறம், சொல்லிட்டுச் சுடறவன நடுவுல நிறுத்தறதா? எங்க வீட்டுலயா?"

அவள் என்னிடம் இதைச் சொல்ல நேர்ந்ததே ஒரு கணக்கால்தான். போன அக்டோபரில் ஒரு நாள் காப்பியை வைத்துவிட்டு, "ஒரு சினேகிதிக்காகக் கேக்கறேன்," என்று ஆரம்பித்தாள். "அணில் துப்பாக்கியோட அஞ்சு புள்ளி ஆறு மில்லிமீட்டர் குண்டு போன ஓட்டைக்கும் மான் துப்பாக்கியோட ஆறு புள்ளி ரெண்டு குண்டு போன ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியுமா? கண்ணால இல்ல, கருவியால அளந்தா?"

"தெரியும்," என்றேன். பிறகு தலைக்கு மேலே பார்த்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

முழுவதையும் சொல்லி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்குன்னு இருக்கற ஒரே பெருமை அது. அத நான் குடுத்ததுன்னு தெரிஞ்சா உடஞ்சு போயிடுவான். யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

5

அவள் பயந்ததற்குக் காரணம் ஜனெல்லின் கணவன் ட்ராய். இயந்திரப் பட்டறையில் வேலை. புதிதாக வாங்கிய வெர்னியர் காலிப்பரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருந்தான். பேசினின் துளையையும் அளக்கச் சொல்லி ஆரின் அவனைத் தூண்டிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழிக்குப் போய்ச் சேர்ந்தால், சில்லிப் பானைக்குப் பக்கத்தில் பேசின் இருந்தது. ஜனெல் காலையிலேயே சமையலறையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"முப்பத்தோரு வருஷமா ஒரு கேள்வி என் மண்டையக் குடையுது," என்றார் ஆரின். "என் தங்கச்சியோட அஞ்சாவது குண்டு எங்க போச்சு? ட்ராய், எடுடா கருவிய."

"அளக்கட்டுமா, வெர்லின்? நீங்க சொன்னாத்தான்," என்றான் ட்ராய்.

வெர்லின் வாய் நிறைய சினமன் ரோல். தோளைக் குலுக்கினார். அந்தத் தோள் குலுக்கலைப் பார்க்க ஆர்லிஸுக்குத் தாங்கவில்லை. இன்னும் இரண்டு நிமிடத்தில் இந்த மனுஷனின் முகம் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அளக்கறது இருக்கட்டும்," என்றாள். "மொதல்ல பழைய எடத்துலயே மாட்டுங்க. நானும் அதுல சுடறேன். அஞ்சு குண்டு."

"தாளையே விட்டவ பேசினச் சுடறாளாம்!"

"விட்டா உனக்கென்ன, ஆரின்? உன் சில்லியத் தின்னு."

ஐந்து குண்டில் பேசினைச் சல்லடையாக்கிவிட வேண்டும், பழைய துளை எது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் அவள் திட்டம்.

6

(இங்கே மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன்.

ஒன்று: அவள் சுட்ட குண்டு பழைய துளைக்குள்ளேயே நுழைந்து, பேசின் அசையாமல், சத்தமே இல்லாமல் போகிறது. அழகுதான். ஆனால் ஆரின் இதைப் படித்தால், "மறுபடியும் விட்டுட்டா" என்பார். அவரை மறுக்க என்னால் முடியாது.

இரண்டு: ட்ராய் அளக்கிறான், ஐந்து புள்ளி ஆறு. வெர்லின்தான் அடித்தார், அவள் உண்மையிலேயே எங்கேயோ சுட்டிருக்கிறாள். இதற்கு நான் ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன்.

மூன்று: ஆறு புள்ளி இரண்டு. எல்லாரும் மௌனமாகிறார்கள். வெர்லின் மெல்லத் திரும்பி அவளை)

மூன்றாவதை என்னால் முடிக்க முடியவில்லை. நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

7

"நானே மாட்டறேன்," என்றார் வெர்லின். எல்லாரும் துப்பாக்கிகளைத் திறந்து கீழே வைத்தார்கள். அவர் பிக்கப் வண்டியிலிருந்து சுத்தியலும் வேலி ஆணியும் எடுத்துக்கொண்டு கம்பத்தை நோக்கி நடந்தார். தாள்களை எடுத்துவர நானும் கூடப் போனேன், நூறு கஜத்தில் நின்றுவிட்டேன்.

பேசினைக் கம்பத்தில் வைத்தார். சுண்டுவிரல் தடிமனான ஆணியைச் சரியாக அந்தத் துளையில் வைத்தார். ஓங்கி நான்கு அடி. துளை ஆணியளவுக்கு அகன்றுவிட்டது.

"அடேய்! அந்த ஓட்டையிலயாடா அடிப்ப!" பைனாகுலரோடு ஆரின் துள்ளினார்.

"வேற எங்க அடிக்கறது? ஓட்டை அங்கதான இருக்கு!" என்று வெர்லின் திரும்பிக் கத்தினார்.

ஆர்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முப்பத்தோரு வருடமாக இந்த மனுஷனின் மண்டூகத்தனத்தைத் திட்டியிருக்கிறாள், இன்று அதுதான் அவளைக் காப்பாற்றியது. துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, ட்ராய்க்கு இன்னொரு ரோல் கொடுத்தாள். அவன் பாவம், அந்த ஆணியை அளந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் நான் அருகில் போய்ப் பேசினைப் பார்த்தேன். நீல விளிம்பில், மாட்டுவதற்கென்றே செய்த துளை ஒன்று இருந்தது. இத்தனை வருடம் சமையலறையில் அது தொங்கியதே அந்தத் துளையில்தான்.

"வெர்லின், மேல மாட்டற ஓட்டை இருக்கே," என்றேன்.

அவர் சுத்தியலைக் கீழே இறக்கினார். ஜீன்ஸின் சின்னப் பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு தோட்டாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளை கறுத்திருந்தது. விளிம்பில் துப்பாக்கியின் ஊசி குத்திய வடு. குண்டு இன்னும் அதன் தலையிலேயே இருந்தது.

"அன்னிக்கு என் துப்பாக்கி வெடிக்கவே இல்ல, டீச்சர். 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அதே நேரம் பேசின் பறந்துச்சு. என்னைத் தூக்கிட்டாங்க. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். தோள் மேலேருந்து பாத்தா ஆர்லிஸ் சிரிக்கறா. அந்தச் சிரிப்பப் பாத்தப்புறம் எனக்குச் சொல்ல வரல."

"அப்போ அடிச்சது?"

"அவதான். அவ பாட்டுக்குத் தன் தாளச் சுட்டுட்டு இருந்தா, பாவம். கோணலான ஸ்கோப்பு. குறி தப்பின குண்டு எங்கெங்கயோ போகாம பேசின்ல போய்ப் பட்டுச்சு." வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் ஜெயிச்சேன்னு நெனச்சு, வாக்குக்காக என்னைக் கட்டிக்கிட்டா. முப்பத்தோரு வருஷம் அவ குறி தப்பினதுல வாழ்ந்துட்டேன். இது அவளுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறென்ன செய்வது?

8

ஆக, இரண்டு சத்தியம். கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஜனெல், "எங்க அம்மா அப்பாவப் பத்தி என்னமோ எழுதறியாமே, இங்கிலீஷ்ல குடேன்" என்கிறாள். அதற்காகத்தான் தமிழில் எழுதினேன். இந்த வட்டாரத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான்.

முடிவு என்னிடம் இல்லை. அவர்கள் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பச்சைக் கூரை. ஞாயிறு காலைகளில் கதவைத் தட்டினால் முன்பின் தெரியாதவருக்கும் காப்பி உண்டு. ஆர்லிஸ் கொல்லையில் இருப்பாள், வெர்லின்தான் திறப்பார். அவள் குறி தப்பவில்லை, புல்லைப் பார்த்துப் பேசினைச் சுட்டாள், அவரை வேண்டும் என்றே சுட்டாள் என்று யாராவது அந்த மனிதரிடம் சொல்ல வேண்டும்.

நான் சத்தியம் செய்திருக்கிறேன். நீங்கள் செய்யவில்லை.