இரண்டு பாட்டிலும் ஒரு ஜலதோஷமும்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் சொந்தபந்தத்தில் மூக்கு என்று பெயர். முக லட்சணத்தால் வந்ததல்ல. யார் வீட்டில் ஸ்காட்ச் விஸ்கி வாங்கினாலும், அசலா போலியா என்று மோந்து சொல்ல இவரைத்தான் கூப்பிடுவார்கள். இனிமேல் குடிப்பதில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகும் இந்தச் சேவை நிற்கவில்லை. "மோந்துதானே பாக்கறேன், குடிக்கவா செய்யறேன்?" என்பார்.

அன்று என் தம்பி கூப்பிட்டிருந்தான். அவன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிக்க, சாயங்காலம் சம்பந்தியாகப் போகிற பையனின் அப்பா வருகிறார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துறைமுகம் துறைமுகமாக ஸ்காட்ச் குடித்தவர். முன்பு ஒரு வீட்டில் போலிச் சரக்கை ஊற்றியதற்காக, கிளாஸைக் கை கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு எழுந்தே போய்விட்டாராம். "சரக்குலயே ஏமாத்தறவங்க வேற எதுல ஏமாத்த மாட்டாங்க?" என்று வேறு கேட்டாராம். தம்பி மகளுக்கோ அந்தப் பையன் மேல் உயிர்.

அவனிடம் இருந்தவை இரண்டு பாட்டில்கள், இரண்டும் ஒரே பிராண்ட். ஒன்று அவனே விமான நிலையக் கடையில் வாங்கியது. இன்னொன்றை ஆபீஸில் ஒருத்தன் பாதி விலைக்கு அவன் தலையில் கட்டியிருந்தான். தம்பி பெண்டாட்டிக்குச் சுத்தம் ஜாஸ்தி. இரண்டையும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, கண்ணாடி அலமாரியில் ஜோடியாக நிறுத்திவிட்டாள். பெட்டிகள் பழைய பேப்பரோடு போய்விட்டன. எது எந்தப் பாட்டில் என்று இப்போது கடவுளுக்கே தெரியாது.

எங்கள் மூக்குக்கு அன்று பார்த்து ஜலதோஷம். சளி பிடித்ததோ சனி பிடித்ததோ என்பார்கள். காலையில் பால் தீய்ந்து வீடே நாறியபோது, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மூக்கடைப்புன்னு உள்ளதைச் சொல்லிடுங்க" என்றேன். கேட்டால்தானே!

தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரிசோதனை தொடங்கியது. மூடியின் சீலைத் திருப்பிப் பார்த்தார். லேபிள் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கி, குமிழி எப்படி அடங்குகிறது என்று கவனித்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருந்தன. கடைசியில் திறந்து, சில சொட்டுகளை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தார். காரம் பறந்துபோன பின் கையில் தங்கும் வாசனைதான் உண்மை பேசும் என்பது அவர் கொள்கை. கண்ணை மூடி இழுத்தார். கர்ரென்று சத்தம்தான் வந்தது.

"நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாருங்களேன் மாமா" என்றான் தம்பி.

"சத்தியம் பண்ணியிருக்கேன்பா" என்று என்னைப் பார்த்தார். பிறகு நீதிபதி கணக்காகச் சொன்னார்: "இடது பக்கம் இருக்கறதுதான் அசல்."

தம்பி வலது பாட்டிலைக் கொட்டுவதற்காகத் தொட்டிப் பக்கம் எடுத்துப் போனான். என்னைத் தாண்டும்போது வாசனை வந்தது.

"நில்லுடா."

இரண்டிலும் சில சொட்டு வாங்கி நானும் கையில் தேய்த்தேன். இடது பாட்டில் நகப்பூச்சு அழிக்கிற மருந்தில் சர்க்கரைப் பாகு கலந்தது போல நாறியது. வலதில் புகையும் ஈர மரமும் தேனும் இருந்தன.

"இதுதான் அசல். அதைக் கொட்டு."

"நீ வாயிலயே வச்சதில்லையே, உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"இத்தனை வருஷமா வாசக்கதவைத் திறந்துவிடறது யாரு? போன மாசம் ஆடிட்டர் வீட்டு விருந்துக்குப் போயிட்டு, வெறும் சோடாதான் குடிச்சேன்னு வந்தாரே உங்க மாமா, அந்தச் சோடாவுக்கு இதே வாசனை."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு எங்கள் சண்டையா முக்கியம்? அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அன்னைக்கு நீங்க குடிச்சது சோடாவா, அசல் ஸ்காட்சா? சொல்லிடுங்க. என் பொண்ணு வாழ்க்கை."

அறை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். சின்ன வயதில் இவர் தோளை விட்டு இறங்காதவள். அவளை ஒருமுறை பார்த்தார், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.

"அசல்தான். என் கண்ணு முன்னாலதான் சீலை உடைச்சாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு ரவுண்டு" என்றார்.

"நாலு" என்றேன்.

கோபம் வராமல் இல்லை, நன்றாகவே வந்தது. ஆனால் சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காயை அந்தப் பெண்ணுக்காகத் தானே எடுத்து வெளியே வைத்தாரே, அதில் பாதி கரைந்தது. மீதியை வீட்டுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

சம்பந்தி வந்தார். ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். தம்பியின் கண் தொட்டிப் பக்கம் போனது.

"நல்ல சரக்கு" என்றார் அவர். "நல்ல நாள் பாத்துடலாமா? ஆமா, இதைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

எல்லோரும் வழக்கம்போல என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னைக் காட்டினார். "இவதாங்க. எங்க வீட்டு மூக்கு இவதான், எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

சம்பந்திக்கு ஒரே சிரிப்பு. இன்னொரு கிளாஸை நிரப்பி இவரிடம் நீட்டினார்.

"எனக்கு வெறும் சோடா போதுங்க" என்றார் இவர்.

தம்பிக்குப் புரையேறியது. நானே எழுந்து போய்ச் சோடாவை ஊற்றி வந்தேன். அவர் பாதி குடித்ததும், எல்லார் முன்னாலும் கிளாஸை வாங்கி மோந்து பார்த்தேன்.

அசல் சோடாதான்.