என் கிட்னியும் கிஃபாயத்துல்லாவின் கையும்

வெள்ளிக்கிழமை காலையில் என் கணவர் கிஃபாயத்துல்லா நிறைந்த டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். கை நடுங்கவில்லை, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வேறு எந்த மனைவியாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் நேரே மாத்திரை டப்பாவைத் தேடிப் போனேன்.

பதினோரு மாதங்களுக்கு முன் என் இடது கிட்னியை எடுத்து அவருக்கு வைத்தார்கள். வந்த கிட்னியை உடம்பு ஒதுக்கித் தள்ளாமல் இருக்க, காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் மாத்திரை. அது கிட்னியைக் காப்பாற்றும், கையை நடுங்க வைக்கும். கூடக் கொடுக்கிற இன்னொன்று பசியைக் கிளப்பி, முகத்தை ஆவியில் வெந்த பாவ் ரொட்டி மாதிரி உப்ப வைக்கும். இது தெரியாமல் பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிறவர்களெல்லாம், "அண்ணே இப்பதான் நல்லா தேறிட்டாரு, முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்று என்னிடமே சொல்வார்கள். களையாம் களை. காலையில் ஏழு தோசை தின்றுவிட்டுப் பத்தரைக்கு, "பரீதா, கடிக்க ஏதாச்சும் இருக்கா?" என்று அடுப்படியை எட்டிப் பார்க்கிற மனுஷனோடு நான்தானே குடித்தனம் நடத்துகிறேன்.

முகத்தைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. கைதான் கவலை. எங்கள் டீக்கடையில் முப்பது வருஷமாக தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றுகிற டீ, போட்டவர். ஒரு குவளை தலைக்கு மேலே, ஒன்று இடுப்புக்குக் கீழே, நடுவில் தே கயிறு மாதிரி இறங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் மெஹ்ரினுக்கு நிச்சயம். என் கணவர் குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: பெண்ணின் தகப்பன் எல்லார் கண்ணெதிரிலும் தன் கையால் தே ஆற்றிச் சம்பந்திக்குக் கொடுக்க வேண்டும். அவர் அதைக் குடித்த பிறகுதான் பேச்சே.

மாத்திரை டப்பாவைத் திறந்தேன். அந்தந்த வேளைக்கான அறை ஒழுங்காகக் காலியாக இருந்தது. ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். டிஷ்யூவில் சுற்றி ஆறு மாத்திரை. கையை நடுங்க வைக்கிற அதே மாத்திரை, மூன்று நாளுக்கானது. தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

"இது என்ன மச்சான்?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் புள்ள. அப்புறம் போட்டுக்கிறேன்லா."

"போட்டுக்கிறேன்லாவா? அது யாரு கிட்னி?"

ஆறு மாத்திரையையும் அவர் முன்னால் வைத்தேன்.

"என்னைய அறுத்துக் குடுத்தது நீங்க தே ஆத்தி ஷோ காட்டவா? வேணாம்னா திருப்பிக் குடுத்துருங்க. நான் பாட்டுக்கு ரெண்டோட இருந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு நானே அழுதேன். அவ்வளவு பயம்.

கிளினிக் நர்ஸ் மலருக்கு போன் போட்டேன். "மாத்திரைய இப்ப குடுக்காதீங்க ஆன்டி, ரத்தம் எடுத்த பெறகு போடலாம். உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள். ஜாமில் ஊர்ந்து போய்ச் சேர்ந்து, ரத்தம் கொடுத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று மணி நேரமும் அவருக்குப் பசிக்கவே இல்லை. கிட்னிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். கை நடுக்கம் தொல்லை என்றால் தன்னிடம் சொல்ல வேண்டும், அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் தன் வேலை என்றும் சொன்னார். மலர் அவ்வளவு நாசூக்குப் பார்க்கவில்லை. "அங்கிள், ஆன்டிக்கிட்ட இன்னொன்னு ஸ்பேர் இல்ல" என்றாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. மாத்திரை அவர் உள்ளங்கையில் இருந்தது. கை பழையபடி நடுங்க ஆரம்பித்திருந்தது.

"அவங்க பதினோரு மணிக்கு வந்துருவாங்க பரீதா. அதுக்கப்புறம் போட்டா என்ன?"

"இப்பவே போடுங்க."

"சம்பந்தி முன்னாடி சிந்திட்டா?"

"சிந்தட்டும். தே எந்தக் கடையிலயும் கெடைக்கும் மச்சான். மெஹ்ரினுக்கு அத்தா எங்க கெடைக்கும்?"

விழுங்கினார்.

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ரபீக் பாய்தான் சம்பந்தி. மகன் ஆசிமையும் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். நிச்சயம் எங்கள் கடையிலேயே என்பதால் அன்றைக்கு லீவு விட்டிருந்தோம். என் கணவர் குவளைகளை எடுத்தார். மேல் குவளை கடகடவென்று ஆடியது. முதல் வீச்சிலேயே பாதி தே கீழ்க் குவளைக்கு வெளியே மேஜைவிரிப்பில் விழுந்தது. யாரோ இருமினார்கள். இவருடைய உப்பின முகம் சிவந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போய், கீழ்க் குவளையை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"நீங்க ரெண்டு கையாலயும் ஊத்துங்க. நான் புடிக்கிறேன்."

ஊற்றினார். தே இடது பக்கம் ஆடினால் நானும் இடது பக்கம் ஓடினேன். வலது பக்கம் வந்தால் வலது பக்கம். முப்பது வருஷத்தில் நான் குவளையைத் தொட்டதே இல்லை. விரல் சுட்டது, முக்காடு சரிந்தது, "உம்மா, லெஃப்ட், லெஃப்ட்" என்று மெஹ்ரின் கத்தினாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

நுரை என்னவோ நன்றாகவே வந்தது. ரபீக் பாய் ஒரு வாய் குடித்தார்.

"ஒங்க வழக்கத்துல தகப்பன் ஒருத்தர்தானே ஆத்தணும்?"

"ஒருத்தன்தான் பாய்" என்றார் இவர். "எனக்குள்ளதான் இவளும் இருக்காளே."

ரபீக் பாய் டம்ளரைக் காலி செய்துவிட்டுத் தன் மனைவிக்கும் ஒன்று கேட்டார்.

அன்றிரவு ஒன்பதுக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை. அவரே மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து, நடுங்குகிற கையை என் முன்னால் நீட்டினார்.

"விழுந்துறப் போவுது புள்ள. கீழ கைய வை."

வைத்தேன்.